ஓட்டையை அடைத்தால் மட்டும் போதுமா?

சிறு விமானங்களின் மூடிகளுக்குப் பின்னால் நடப்பது என்ன?

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு. சென்னை வேளச்சேரியில் பல வீடுகளில் அன்று தூக்கம் இல்லை. தெருவில் நின்ற தண்ணீர் வாசல்படி ஏறியது. கூடத்துக்குள் வந்தது. கட்டில் காலை நனைத்தது. துணிமணிகளையும், அரிசி மூட்டையையும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் மாடிக்கு ஓடினார்கள்.

அதே இரவில், வேளச்சேரிக்கு மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் அடையாறு புகுந்தது. ஓடுபாதை தண்ணீரில் மூழ்கியது. விமான நிலையம் மூடப்பட்டது. சில நாட்களுக்கு அரக்கோணம் கடற்படை விமான தளம்தான் கைகொடுத்தது.

பெரிய விமானங்கள் உயரமான கால்களில் நிற்பவை. சக்கரம் நனைந்ததோடு பல தப்பின. சிறிய விமானங்களின் கதை வேறு. அவற்றின் வயிறு தரையை ஒட்டி இருக்கும். எடையும் குறைவு. தண்ணீர் தூக்கினால் மிதக்கும், இழுத்தால் போகும். வெள்ளம் வடிந்த பிறகு, சேற்றிலும் புதரிலும் சாய்ந்து கிடந்த சிறு விமானங்களின் படங்களை ஊரே பத்திரிகைகளில் பார்த்தது.

வேளச்சேரி வீட்டுக்காரருக்கும் அந்த விமானங்களின் சொந்தக்காரருக்கும் அன்று ஒரே கேள்விதான். தண்ணீர் எங்கெல்லாம் புகுந்திருக்கிறது?

வீடு என்றால் சுவரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். விமானத்தை வெளியே கழுவித் துடைத்துவிட்டால் பளபளவென்று புதிதுபோல நிற்கும்! உள்ளே இருக்கும் ஈரம் வெளியே தெரியாது. அதைப் பார்க்க ஒரே வழி, மூடிகளைத் திறப்பது. ஒன்றல்ல, இரண்டல்ல, எல்லா மூடிகளையும்!

உடம்பெல்லாம் மூடி

செஸ்னா 172 என்று ஒரு சிறு விமானம் உண்டு. நாலு பேர் உட்காரலாம். 1956-ல் விற்பனைக்கு வந்தது. இடையில் ஒரு பத்தாண்டு நின்று, மறுபடியும் தயாராகி வருகிறது. 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் இதுவரை விற்றிருக்கின்றன. உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் தயாரான விமானம் வேறு கிடையாது. விமானம் ஓட்டக் கற்கும் பிள்ளைகள் முதலில் ஏறுவது பெரும்பாலும் இதில்தான்.

இதன் இறக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தால், சாப்பாட்டுத் தட்டில் பாதி அகலத்துக்கு வட்ட வட்டமாக மூடிகள் தெரியும். சின்னத் திருகாணிகளால் அவை பூட்டப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இவற்றை 'பேனல்' என்பார்கள்.

எதற்காக இவை? விமானத்தின் உள்ளே கம்பி வடங்கள் ஓடுகின்றன. கப்பிகள் சுற்றுகின்றன. விமானி கையில் பிடிக்கும் சக்கரத்தைத் திருப்பினால், இறக்கை ஓரத்தில் இருக்கும் மடக்குத் தகடு அசைவது இந்த வடங்களால்தான். வடம் தேய்ந்திருக்கிறதா, கப்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க இறக்கையை உடைக்க முடியுமா? அதனால்தான் கை நுழையும் அளவுக்குத் துவாரம் வைத்து, அதற்கு ஒரு மூடி போட்டார்கள்.

மூடி என்று வந்துவிட்டால் சந்து வரும். சந்து வந்தால் கசிவு வரும். அதைத் தடுக்க ரப்பர் வளையம், கேஸ்கட், பசை எல்லாம் வரும். குக்கர் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கேஸ்கட் தளர்ந்தால் பக்கவாட்டில் ஆவி சீறுமே, அதே சங்கதிதான்.

ஆதி காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனி பட்டறையில் ஒரு விமானம் செய்யச் சொல்லி, 1910-ம் ஆண்டு பல்லாவரத்தில் பறந்து காட்டினார். மரச்சட்டமும் துணியும் கொண்டு விமானம் செய்த காலம் அது. துணி கிழிந்தால் ஒட்டுப் போட்டு, மேலே ஒரு மெழுகுநெய் பூசிவிடுவார்கள். அலுமினியத் தகடு வந்தது, எண்ணெய்த் தொட்டி இறக்கைக்குள் போயிற்று, மூடிகளும் பெருகிவிட்டன.

நீலக் கறை

சிறு விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோல், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெட்ரோல் அல்ல. அதற்கென்று தனி ரகம் உண்டு. அதில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். வேறு எண்ணெயோடு மாறிப்போகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

அந்தச் சாயம் இன்னொரு உபகாரமும் செய்கிறது. தொட்டியில் எங்காவது கசிந்தால் பெட்ரோல் காற்றில் உலர்ந்து போய்விடும். சாயம் போகாது. இறக்கையின் அடியில் நீலக் கறையாகப் படிந்து நிற்கும். திருடன் விட்டுப்போன கால்தடம் மாதிரி!

கறையைக் கண்டால் என்ன செய்வது? முதலில் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மறுபடியும் பார்க்க வேண்டும். ஈரம் முக்கால் அங்குல வட்டத்துக்குள் இருந்தால் அது வெறும் கறை. ஒன்றரை அங்குலம் வரை போனால் கசிவு. நாலு அங்குலம் வரை போனால் பலத்த கசிவு. அதற்கும் மேல் போய்ச் சொட்டினால் அது ஒழுக்கு. விமானம் பறக்கக் கூடாது. இறக்கையின் திறந்த வெளிப்பக்கத்தில் சிறு கறை இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு கவனித்து வரலாம். அதுவே காற்றோட்டம் இல்லாத மூடிய இடத்தில் இருந்தால், சிறு கசிவும் ஆபத்து. ஆவி தங்கும், ஒரு பொறி போதும்.

அடைப்பதற்கு உள்ள பசையை 'சீலன்ட்' என்கிறார்கள். இரண்டு பொருளாகத் தனித்தனியே வரும். கலந்த நிமிஷத்திலிருந்து அது இறுகத் தொடங்கிவிடும். சென்னையின் வெயிலும் புழுக்கமும் அதை இன்னும் சீக்கிரம் இறுக்கிவிடும். அதற்குள் பூசி முடிக்க வேண்டும். பூசும் இடத்தில் பழைய பசை இருக்கக் கூடாது. கைவிரலின் எண்ணெய்ப் பிசுக்குகூட இருக்கக் கூடாது. பழையதைச் சுரண்ட இரும்புக் கத்தியை எடுத்தால் மேஸ்திரி கத்துவார். ஏன்? கத்தி தகட்டைக் கீறும். இன்று கீறல், சில ஆயிரம் பறத்தல்களுக்குப் பிறகு அதுவே விரிசல். அதனால் பிளாஸ்டிக் சுரண்டிதான்.

இவ்வளவும் செய்து ஒழுகும் இடத்தில் பசையை அப்பினால் ஒழுக்கு நின்றுவிடுமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மொட்டை மாடியில் விரிசல் ஒரு மூலையில் இருக்கும். கீழே கூரையில் ஈரம் இறங்குவது வேறு மூலையில் இருக்கும். தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்து வந்து, வசதியான இடத்தில் சொட்டும். வேளச்சேரியில் வீடு கட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கூரையின் அடிப்பக்கத்தில் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்குத் தாங்கும். அடுத்த மழையில் பெயிண்டே உரிந்து தலையில் விழும்.

விமானத்திலும் அப்படியே. வெளியே கறை தெரியும் இடம் ஒன்று. உள்ளே தொட்டி விட்டுப்போன இடம் வேறொன்று. வெளியே இருந்து பசையை அப்புவது கெடுதலை மறைக்கும், தீர்க்காது.

மியாமியில் நடந்த பரிதாபம்

2005-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி. அமெரிக்காவில் மியாமி நகரத்துத் துறைமுகத்திலிருந்து ஒரு கடல் விமானம் கிளம்பியது. தண்ணீரிலேயே ஓடி, தண்ணீரிலிருந்தே எழும்பும் விமானம். பஹாமாஸ் தீவுகளுக்குப் போகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை சமயம். பிரயாணிகள் 18 பேர், விமானிகள் இருவர். பிரயாணிகளில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள்.

எழும்பிய சிறிது நேரத்தில் வலது இறக்கை தனியே கழன்றது. தீப்பிடித்தது. கரையில் நின்றவர்கள் கண்ணெதிரில் விமானம் தண்ணீரில் விழுந்தது. 20 பேரும் மாண்டார்கள்.

அந்த விமானம் 1947-ல் செய்யப்பட்டது. விபத்தன்று அதற்கு வயது 58. உப்புத் தண்ணீரிலேயே காலம் கழித்த கிழ விமானம். விசாரணை நடந்தது. வலது இறக்கையின் அடிப்பக்கத்தில் உலோகம் வெகுகாலமாகவே விரிசல் விட்டு வந்திருக்கிறது என்று தெரிந்தது.

வெகுகாலமாக விரிசல் விட்டது என்றால், யாருக்கும் தெரியவில்லையா? விரிசல் தெரியவில்லை. ஆனால் ஒழுக்கு தெரிந்தது! அந்த இறக்கையில் எண்ணெய் கசிகிறது என்று திரும்பத் திரும்பப் புகார் வந்தது. திரும்பத் திரும்பப் பழுது பார்த்தார்கள். பசை பூசினார்கள். மறுபடி கசிந்தது. மறுபடி பூசினார்கள். 'ஏன் இங்கேயே கசிகிறது?' என்று கேட்டு, பசையைச் சுரண்டி, அடியில் உள்ள உலோகத்தை ஒழுங்காகப் பரிசோதித்திருந்தால் விரிசல் பிடிபட்டிருக்கும்.

ஒழுக்கு ஒரு நோய் அல்ல. அது காய்ச்சல் மாதிரி. உள்ளே ஏதோ இருக்கிறது என்று உடம்பு சொல்லும் சேதி. அந்தச் சேதி வந்த வழியைப் பசை அடைத்துவிட்டது.

வெகு காலமாகக் கடல் விமானங்கள் ஓட்டிப் பெயர் வாங்கிய கம்பெனி அது. இரண்டு வருஷத்துக்குள் மூடப்பட்டது.

திறந்தவர் ஒருவர், மூட வேண்டியவர் வேறொருவர்

கசிவு பார்க்க மூடியைத் திறக்க வேண்டும். திறப்பதே சில வேளைகளில் எமனாகிவிடுகிறது. இது வேடிக்கையான பேச்சு அல்ல.

1991-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறு பிரயாணிகள் விமானம் நடுவானில் சிதறியது. 14 பேர் இறந்தார்கள். முதல் நாள் இரவு அது பட்டறையில் இருந்தது. வாலின் குறுக்கு இறக்கையின் முன்விளிம்பில் பனி படியாமல் தடுக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை. மாலை ஷிப்டில் இருந்தவர்கள் வலது, இடது இரண்டு பக்கமும் மேல் திருகாணிகளைக் கழற்றினார்கள். ஷிப்டு முடிந்தது. வீட்டுக்குப் போனார்கள். இரவு ஷிப்டு வந்தது. வலது பக்க வேலையை முடித்து, அதற்குத் திருகாணி போட்டார்கள். இடது பக்கம் கழற்றியது அவர்களுக்குத் தெரியாது. காகிதத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

காலையில் விமானம் பறந்தது. 47 திருகாணிகள் இல்லை!

வாலின் மேல்பக்கம் உயரத்தில் இருக்கும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. விமானி சுற்றி வந்து பார்த்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது.

முந்தின வருஷம் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் அதிசயமானது. 1990-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி, பர்மிங்ஹாம் நகரத்திலிருந்து கிளம்பிய விமானத்தின் முன் கண்ணாடி 17 ஆயிரம் அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போயிற்று. தலைமை விமானி பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டார்! ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். துணை விமானி விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். தலைமை விமானியும் பிழைத்தார். சில மாதங்களில் மறுபடி வேலைக்கும் வந்தார்!

காரணம்? கண்ணாடியை முந்தின நாள்தான் மாற்றியிருந்தார்கள். 90 போல்டுகளில் 84 போல்டுகள் நூலளவு மெல்லியவை. ராத்திரி வேளையில், பழைய போல்டைப் பக்கத்தில் வைத்து, கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள்.

அது அந்தக் காலம், இப்போது அப்படி நடக்குமா என்று கேட்கலாம். 2024-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி நடந்தது. அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்தில் கிளம்பிய புத்தம் புது போயிங் விமானம். 171 பிரயாணிகள். சில நிமிஷத்தில், கதவு வைக்காத வாசலை மூடியிருந்த பலகை அப்படியே பறந்து போயிற்று. பக்கத்து ஆசனத்தில் அன்று யாரும் உட்காரவில்லை. பிழைத்தார்கள். அந்தப் பலகை ஓர் உபாத்தியாயர் வீட்டுக் கொல்லையில் கிடந்தது.

விசாரித்தால் பழைய கதையே! தொழிற்சாலையில் ரிவெட் சரி செய்வதற்காகப் பலகையைத் திறந்தார்கள். மூடும்போது நாலு போல்டுகளைப் போடவில்லை. திறந்ததற்கே காகிதத்தில் பதிவு இல்லை. திறந்ததாகப் பதிவு இருந்தால் அல்லவா, மூடியதா என்று இன்னொருவர் பார்ப்பார்?

உலகத்தின் பெரிய தொழிற்சாலையிலேயே இப்படி என்றால், இரண்டு மெக்கானிக்குகள் இருக்கும் சின்னப் பட்டறையில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்!

மூடக் கூடாததை மூடினால்

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. விமானத்தில் சில துவாரங்கள் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்று சொல்லும் துவாரங்கள் அவை.

1996-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, பெரு நாட்டின் லிமா நகரத்தில் ஒரு விமானத்தைக் கழுவித் துடைத்தார்கள். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க, அந்தத் துவாரங்களின் மேல் ஒட்டு நாடாவை ஒட்டினார்கள். நல்ல எண்ணம்தான். துடைத்து முடித்ததும் நாடாவை உரிக்க மறந்தார்கள். விமானம் இருட்டில் கிளம்பியது. உயரம் காட்டும் கருவி பொய் சொன்னது. வேகம் காட்டும் கருவியும் பொய் சொன்னது. விமானிகள் திண்டாடினார்கள். விமானம் கடலில் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள்.

ஒரு சாண் ஒட்டு நாடா!

சிறு விமானத்தின் இறக்கையிலும் வயிற்றிலும் உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்கென்று சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். மழை ஒழுகுகிறதே என்று அதையும் சேர்த்துப் பசையால் அடைத்தால், உள்ளே தண்ணீர் தேங்கும். துரு பிடிக்கும். ஏரியில் வீடு கட்டி, வாய்க்காலையும் மூடிவிட்டு, தண்ணீர் ஏன் வீட்டுக்குள் வருகிறது என்று கேட்பது போலத்தான்! ஒரு காலத்தில் 250 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடந்த வேளச்சேரி ஏரி, சுமார் 55 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. 2015-லும் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பர் புயல் மழையிலும் வந்தது. வாசல்படியை ஓரடி உயர்த்திக் கட்டியவர்கள் வீட்டிலும் வந்தது. அது தனிக் கதை.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

எண்ணெய் கசிந்தால் கறை தெரியும். தண்ணீர் கசிந்தால் ஈரம் தெரியும். புகை வாயு கசிந்தால்?

சிறு விமானத்தில் என்ஜின் மூக்கில் இருக்கும். அதற்கும் விமானி உட்காரும் அறைக்கும் நடுவில் ஒரு தகட்டுச் சுவர். அதைத் 'தீச்சுவர்' என்று சொல்லலாம். ஒயர்களும் குழாய்களும் வடங்களும் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். ஒவ்வொரு துளையையும் சுற்றி அடைக்க வேண்டும். அடைப்பு தளர்ந்து, என்ஜின் புகைக்குழாயிலும் விரிசல் இருந்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். இன்னொரு வழியும் உண்டு. குளிருக்காகச் சூடு காற்று விடும் சாதனம், சூடான புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்றைத்தான் அறைக்குள் விடுகிறது. சென்னையில் யாருக்குக் குளிர் என்று கேட்க வேண்டாம். எட்டாயிரம் அடி ஏறினால் சென்னைக்காரருக்கும் நடுங்கும்.

2019-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி, அர்ஜென்டினா நாட்டுக் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா, பிரான்சிலிருந்து இங்கிலாந்துக் கடலைத் தாண்டிக் கார்டிப் நகரத்துக்கு ஒரு சிறு தனியார் விமானத்தில் போனார். வயது 28. புதுக் குழுவில் சேரப் போகிறார். விமானம் கடலில் விழுந்தது. அவருடைய ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 58 சதவீதம் அளவுக்கு அந்த விஷவாயு கலந்திருந்தது தெரிந்தது. விமானியும் அந்த வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று விசாரணை அதிகாரிகள் சொன்னார்கள். இந்த வாயுவைக் கண்டு மணியடிக்கும் சிறு கருவிகள் கடையில் கிடைக்கின்றன. அந்த விமானத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் விமானி எச்சரிக்கையாகி இருப்பார்.

உயரமாகப் பறக்கும் ஜெட் விமானங்களில் காற்றே கசியக் கூடாது. 35 ஆயிரம் அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குதான். உள்ளே காற்றை அடைத்து வைத்துத்தான் பிரயாணிகள் மூச்சு விடுகிறார்கள். 1999-ல் அமெரிக்காவின் கோல்ப் வீரர் பெயின் ஸ்டூவர்ட் போன சிறு ஜெட் விமானத்தில் காற்றழுத்தம் போயிற்று. உள்ளே இருந்த ஆறு பேரும் நினைவிழந்தார்கள். விமானம் யாரும் ஓட்டாமல் மணிக்கணக்கில் தானே பறந்து, எண்ணெய் தீர்ந்து விழுந்தது. நம் நாட்டில் 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் போன விமானத்தில், காற்றழுத்த விசையைப் போட ஊழியர்கள் மறந்ததால் சுமார் 30 பிரயாணிகளுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. அங்கே ஓட்டை எதுவும் இல்லை. மறதிதான்.

கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

நம் நாட்டில் சட்டம் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. 1934-ம் ஆண்டின் பழைய விமானச் சட்டத்துக்குப் பதிலாக 'பாரதிய வாயுயான் அதிநியம்' என்ற புதுச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. விமானத்தில் கை வைப்பவர் யாராக இருந்தாலும், லைசென்ஸ் பெற்ற பராமரிப்பு என்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பலாம். விமானத்தைத் திருப்பும் வடங்கள் போன்ற உயிர்நாடியான இடங்களில் வேலை செய்தால் ஒருவர் பார்த்தது போதாது. இரண்டாவது ஆளும் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

சட்டம் போதும். நேரம்தான் போதவில்லை. அங்கேதான் ஆபத்து நுழைகிறது.

விமானி ஆக வேண்டும் என்ற ஆசை இன்று நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. தொழில் விமானி லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நகையையும் நிலத்தையும் வைத்துக் கடன் வாங்கிப் பெற்றோர்கள் பணம் கட்டுகிறார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் சீக்கிரம் மணிக்கணக்கு சேர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் விமானம் சும்மா நிற்கக் கூடாது. இவ்வளவு அவசரத்துக்கு நடுவில் ஒரு மெக்கானிக் நீலக் கறையைக் கண்டு, "இன்று இந்த விமானம் பறக்காது" என்று சொல்ல வேண்டும். அவர் அப்படிச் சொல்லத் துணிகிறாரா, சொன்னால் அவரை மதிக்கிறார்களா? பிள்ளையின் உயிர் அந்த ஒரு பேச்சில்தான் இருக்கிறது.

சிறு விமானங்களின் காலம் முடிந்துவிடவும் இல்லை. வேளச்சேரிக்குப் பக்கத்திலேயே, ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த ஒரு கம்பெனி மின்சாரத்தில் பறக்கும் சின்ன விமானத்தை உருவாக்கும் முயற்சியில் இறங்கியிருக்கிறது. நெரிசலான நகரத்துக்குள் நோயாளியைத் தூக்கிப் போக உதவும் என்கிறார்கள். நல்ல காரியம். அதில் பெட்ரோல் தொட்டி இருக்காது. பேட்டரிப் பெட்டி இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தப் பெட்டியின் மூடிக்குள் ஒரு சொட்டு போகக் கூடாது. கேஸ்கட்டும் திருகாணியும் கையெழுத்தும் அங்கேயும் வேண்டும்.

பணம் கட்டும் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குப் போனால், வகுப்பறை குளிர்சாதனத்தையும் சுவரில் மாட்டிய படங்களையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பட்டறைப் பக்கம் போய் இரண்டு கேள்வி கேட்கலாம். ஒவ்வொரு விமானத்துக்கும் பராமரிப்புப் புத்தகம் ஒன்று இருக்கும். ஒரே இடத்தில் ஒரே பழுது எத்தனை தடவை எழுதப்பட்டிருக்கிறது? ஷிப்டு மாறும்போது பாதி வேலையை எதில் எழுதி வைக்கிறீர்கள்? பதில் சொல்பவர் முகம் சுளித்தால், அதுவும் ஒரு பதில்தான்.

முதல் நாள் பாடம்

பறக்கப் போகும் பிள்ளைக்கு முதல் நாளே ஒரு வேலை கற்றுக்கொடுப்பார்கள். இறக்கையின் அடியில் தொட்டியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் பிடிக்க வேண்டும். வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும்.

ராத்திரி மழை பெய்திருந்தால், இறக்கைமேல் உள்ள மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், தண்ணீர் தொட்டிக்குள் இறங்கியிருக்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் போய் உட்காரும். என்ஜினுக்கு எண்ணெய் போவதும் அடியிலிருந்துதான். ஓடுபாதையில் ஓடி, எழும்பி, வீட்டுக் கூரைகளுக்கு மேலே போகும் நேரம் பார்த்து என்ஜின் நின்றுவிடும்.

குழாயில் மேலே நீலமும் கீழே நிறமற்ற தண்ணீரும் கோடு போட்டது போலப் பிரிந்து தெரிந்தால், மறுபடி மறுபடி வடிக்க வேண்டும்.

கோடே தெரியாவிட்டால்? நல்லது என்று புதுப்பிள்ளை சிரித்துவிடும். வாத்தியார் சும்மா இருக்க மாட்டார். "நிறம் பார்த்தாயா? மோந்து பார்த்தாயா?" என்பார். முழுக் குழாயும் தண்ணீராகவே இருந்தாலும் கோடு தெரியாது அல்லவா!

தண்ணீர் வந்தால் வடித்துவிட்டுப் பறந்துவிடலாமா? ஏணியை எடுத்து இறக்கைமேல் ஏற வேண்டும். மூடியைத் திறந்து, அந்த ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெடித்திருந்தால் அன்று பறப்பது இல்லை. புது வளையம் வரும்வரை விமானம் கொட்டகையில் நிற்கும். வளையத்தின் விலை சொற்பம்தான்.